அத்தையின் சங்கிலியும் என் நெல்லிக்காயும்

நம் வயதுக்காரர்களிடம் ஒரு கேள்வி. பொன்னுக்குவீங்கி வந்து, கழுத்தில் பொன் போட்டு, தாடையைச் சுற்றித் துணி கட்டி, ராஜா மாதிரி வீட்டில் உட்கார்ந்திருந்தவர்கள் உங்களில் எத்தனை பேர்? கை தூக்குங்கள். தோள்வலி உள்ளவர்கள் மனதுக்குள் தூக்கினால் போதும்.

இந்தக் காலத்துப் பிள்ளைகளிடம் சொன்னால், "மம்ப்ஸா?" என்று கேட்டுவிட்டுப் போனைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். காதுக்குக் கீழே வீங்கி, முகம் பப்பாளிக்காய் போல ஆகி, எச்சில் விழுங்கினால்கூட உயிர் போகும் ஒரு நோய்க்கு நம்மவர்கள் எவ்வளவு மரியாதையாகப் பெயர் வைத்திருக்கிறார்கள் பாருங்கள். பொன்னைக் கேட்டு வீங்குகிறதாம். பொன்னைக் கழுத்தில் போட்டால் மனம் குளிர்ந்து வடிந்துவிடுமாம். ஒரு வாரம் போனால் அது தானாகவே வடியும் என்று எங்கள் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. ஆகையால் பொன் ஒருமுறைகூடத் தோற்றதில்லை.

நான் சொல்ல வந்தது எங்கள் தெருப் பிள்ளைகள் வரிசையாக வீங்கிய ஒரு கோடை விடுமுறையைப் பற்றி. எனக்கு அப்போது ஒன்பது வயது. அந்த ஒரே விடுமுறையில் எனக்கு இரண்டு தடவை பொன்னுக்குவீங்கி வந்தது. ஒருவருக்கு ஒரு தடவைதான் வரும் என்று படித்தவர்கள் சொல்வார்கள். சரிதான். என்னுடையதில் ஒன்று பொய்.

எங்கள் ஊர் நாகர்கோவிலிலிருந்து டவுன் பஸ்ஸில் அரை மணி நேரம். கும்பப்பூ நெல் அறுவடை முடிந்து, வயலெல்லாம் அறுத்த தாளோடு காய்ந்து கிடந்தது. வீட்டுக்கு வீடு புது வைக்கோல் படப்பு மஞ்சளாக நின்றது. புது வைக்கோலின் வாசனை உடம்பில் ஏறினால் குளித்தாலும் போகாது, அரிக்கும். அந்த அரிப்போடும் வாசனையோடும்தான் அத்தையின் கல்யாணம் எனக்கு நினைவுக்கு வருகிறது.

அத்தை என் அப்பாவின் கடைசித் தங்கை. இருபத்தாறு வயது. அந்தக் காலத்தில் அது கல்யாணச் சந்தையில் கொஞ்சம் முற்றின வயது. ஏற்கெனவே இரண்டு சம்பந்தங்கள் நிச்சயம் வரை வந்து கைநழுவிப் போயிருந்தன. இரண்டுமே முதலில் ஏதோ காரணத்துக்காகத் தள்ளிப் போடப்பட்டு, பிறகு அப்படியே போனவை. அதனால் எங்கள் வீட்டில் 'தள்ளி வைப்போம்' என்ற சொல்லை யாரும் சொல்வதில்லை. பாயை நகர்த்தச் சொல்வதானால்கூட, "கொஞ்சம் அங்கோட்டுப் போடு" என்றுதான் சொல்வார்கள்.

மூன்றாவதாக வந்த மாப்பிள்ளைக்குக் கீரிப்பாறை ரப்பர் தோட்டத்தில் ஆபீஸ் வேலை. வைகாசியில் முகூர்த்தம். அத்தைக்காக நாகர்கோவிலில் கொடுத்துச் செய்த இரட்டை வடச் சங்கிலி பங்குனியிலேயே வீட்டுக்கு வந்துவிட்டது. பொற்கொல்லர் அதைக் கொண்டுவந்து கொடுத்த அன்று, ஒரு கண்ணியைப் பல்லில் வைத்து மெல்லக் கடித்துக் காட்டி, "இது பொன்னாக்கும்" என்று சொன்னார். தெருப் பிள்ளைகள் அத்தனை பேரும் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றோம். அவர் அப்படிக் கடிக்காமல் இருந்திருந்தால் இந்தக் கதையில் பாதி நடந்திருக்காது.

முதலில் வீங்கியது எதிர்வீட்டுப் பையன். திருவிழாவுக்குப் போன இடத்திலிருந்து வாங்கி வந்தான். அவன் அம்மா எங்கள் வீட்டுக்கு ஓடி வந்து, பழைய பொன்னைவிடப் புதுப் பொன்னுக்கு வேகம் அதிகம் என்று சொல்லி, கல்யாணச் சங்கிலியை மூன்று நாளைக்குக் கேட்டாள். அம்மாவுக்கு மனமில்லை. அத்தைதான் பெட்டியைத் திறந்து எடுத்துக் கொடுத்தாள். யாராவது ஒன்று கேட்டால் அத்தைக்கு இல்லை என்று சொல்ல வராது. இன்றைக்கும் வராது.

பையனுக்கு வடிந்தது. புகழ் சங்கிலிக்குப் போனது. அடுத்தடுத்து வீங்கின பிள்ளைகளின் வீட்டுக்கெல்லாம், ஒரு வெண்கலத் தாம்பாளத்தில் வெற்றிலைமேல் வைத்து, சங்கிலி தெருவைச் சுற்றத் தொடங்கியது. அது போகிற வீட்டில் திருவிழாக் கூட்டம். வீங்கினவன் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பான்; நாங்கள் சுற்றி இருப்போம். சங்கிலியைத் தொட்டுப் பார்ப்போம். ஒரு நிமிடம் கழுத்தில் போட்டுப் பார்க்க அவன் சம்மதிப்பான், மாங்காய்க் கீற்று ஏதாவது கொடுத்தால். பிறகு பொற்கொல்லர் மாதிரியே ஆளுக்கு ஒரு கடி கடித்து, "இது பொன்னாக்கும்" என்போம். வீங்கினவன் கடித்த அதே கண்ணியை, வாயிலிருந்து எடுத்த ஈரத்தோடு, அடுத்தவன் கடிப்பான். இதையெல்லாம் பெரியவர்கள் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகள் சந்தோஷமாக இருந்தால் நோய் சீக்கிரம் இறங்கும் என்பது அவர்கள் எண்ணம்.

என் தம்பிக்கும் வந்தது. என்னைவிட இரண்டு வயது சின்னவன், ஒரு நாள் காலையில் ஒருபக்கம் வீங்கி எழுந்தான். அம்மா வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசி, பழைய வேட்டியைக் கிழித்துத் தாடையோடு தலையில் கட்டிவிட்டாள். மத்தியானமே சங்கிலி வந்து அவன் கழுத்தில் ஏறியது. அத்தை எனக்கும் அத்தைதானே? மூத்தவள் நான் சும்மா இருக்க, இவன் இரட்டை வடத்தோடு கஞ்சி குடிக்கிறான். நான் ராத்திரி அவன் பக்கத்திலேயே படுத்தேன். அவன் குடித்த தம்ளரில் தண்ணீர் குடித்தேன். ஒன்றும் நடக்கவில்லை. நோய்க்குக்கூட ஒரு நியாயம் வேண்டாமா என்று அழுகையாக வந்தது.

மூன்றாம் நாள், சங்கிலி வேறு வீட்டுக்குப் போகப்போகிறது என்று தெரிந்ததும், கொல்லையிலிருந்த அரைநெல்லி மரத்தடிக்குப் போனேன். பெரிய காயாகப் பொறுக்கி இரண்டைக் கடைவாய்க்கு அப்பால் தள்ளி, கன்னத்துக்குள் அடக்கினேன். முனகிக்கொண்டே வந்து அம்மாவிடம் முகத்தைக் காட்டினேன்.

அம்மா லேசுப்பட்டவள் இல்லை. பொன்னுக்குவீங்கியா என்று பார்க்க எங்கள் தெருவில் ஒரு சோதனை உண்டு. ஒரு துளி புளியை நாக்கில் வைப்பார்கள். உண்மையான நோயாளிக்குப் புளிப்புப் பட்டதும் காதடியில் சுரீரென்று இழுக்கும், துடித்துப்போவான். அம்மா புளியை எடுத்து வந்தாள். எனக்கோ ஏற்கெனவே இரண்டு நெல்லிக்காயின் சாறு தொண்டைவரை ஓடிக்கொண்டிருந்தது. அதன்மேல் புளியும் பட்டதும் கண்ணில் தண்ணீர் வந்து, உடம்பு தானாகக் குலுங்கியது. நடிக்க வேண்டிய தேவையே வரவில்லை. அம்மா உடனே வேட்டித் துணியைத் தேடப் போனாள்.

துணியைக் கட்டிவிட்டது அத்தை. தாடையைத் தடவிப் பார்த்தாள், என் முகத்தைக் கொஞ்சநேரம் பார்த்தாள், பிறகு முடிச்சுப் போட்டு, சங்கிலியை எடுத்துக் கழுத்தில் மாட்டினாள். அந்தக் கனம் இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. போட்டதும் குளிர்ச்சியாக இருந்து, கொஞ்ச நேரத்தில் நம் சூட்டை வாங்கிக்கொள்ளும். இரண்டே நாளில் எனக்கு வடிந்துவிட்டது. தெருவிலேயே சீக்கிரம் குணமானவள் நான் என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள்.

அதற்கு நாலைந்து நாள் கழித்துத்தான் நர்சம்மா வந்தார்.

அவர் சுகாதார நிலையத்திலிருந்து வாரம் ஒருமுறை வருபவர், ஒன்றரை மாதமாக லீவில் இருந்தார். நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில் படித்தவர். ஒல்லியான உடம்பு, வெள்ளைச் சேலை, கையில் எப்போதும் கறுப்புக் குடை. எங்கள் தெருவில் காலை வைத்ததும் கட்டுப்போட்ட தாடைகளைப் பார்த்து நின்றுவிட்டார். வீடு வீடாக ஏறி, எந்த நாள் வீங்கியது, அதற்கு முன் யார் யார் வந்து போனார்கள் என்று கேட்டு, கோடு போட்ட நோட்டில் எழுதினார். எல்லா வீட்டிலும் பேச்சு சங்கிலியில் போய் முடிவதைக் கவனித்ததும், எங்கள் வீட்டு முற்றத்துக்கு வந்து, குடை நுனியால் மண்ணில் தெருவை வரைந்தார். சங்கிலி எந்த வீட்டிலிருந்து எந்த வீட்டுக்குப் போனது என்று பெண்கள் சொல்லச் சொல்லக் கோடு இழுத்தார். பிறகு, சங்கிலி போன ஒவ்வொரு வீட்டுக்கும் பார்க்கப் போன பிள்ளைகளில் இரண்டு மூன்று வாரத்துக்குள் யாருக்கு வீங்கியது என்று கேட்டு, அதற்கும் ஒரு கோடு இழுத்தார். கோடுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தெருவைச் சுற்றி வந்தன.

பெண்கள் திகைத்துப்போய், அப்படியானால் சங்கிலியில்தான் தோஷமா என்று கேட்டார்கள். அத்தையின் முகம் செத்துவிட்டது. கல்யாணச் சங்கிலி அல்லவா?

"சங்கிலியில ஒரு குத்தமும் இல்ல," என்றார் நர்சம்மா. "அதப் பாக்க வாற கூட்டத்திலயாக்கும் குத்தம். எச்சில்லயும் தும்மல்லயும் ஒட்டுற நோய் இது. பிள்ளையள் பொன்னப் பாக்க வருது, நோயக் கொண்டுட்டுப் போவுது."

சங்கிலியைப் பெட்டியில் பூட்டச் சொன்னார். பொன் இல்லாமல் எப்படி வடியும் என்று தெருவே மல்லுக்கு நின்றது. இங்கேதான் அவருடைய சாமர்த்தியம். பொன் போடக்கூடாது என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவரவர் வீட்டுப் பொன்னை அவரவர் பிள்ளைக்குப் போட்டால் போதும், ஒரு மூக்குத்தியைக் கயிற்றில் கோத்துக் கட்டினாலும் அது பொன்தான், ஆனால் பார்க்க யாரும் வரக்கூடாது, பிள்ளை குடித்த பாத்திரத்தைக் கொதிக்கிற வெந்நீரில் போட வேண்டும் என்றார். பெண்களுக்கு இது நியாயமாகப் பட்டது. அன்றிலிருந்து எங்கள் தெருப் பிள்ளைகள் ஒற்றை மூக்குத்தியும் கம்மலும் கழுத்தில் தொங்க, வீட்டுக்குள்ளேயே வீங்கினார்கள்.

அப்புறம் அவர் அம்மாவையும் அத்தையையும் தனியாகக் கூப்பிட்டு, மாப்பிள்ளைக்குச் சின்ன வயதில் இது வந்திருக்கிறதா என்று விசாரித்தார். வளர்ந்த ஆண்களுக்கு வந்தால் சிலரைப் படுத்திவிடும் என்றார். கதவுக்குப் பின்னால் நின்ற எனக்குக் கேட்டது, அம்மா பதறிப்போய்ச் சொன்ன ஒரே வாக்கியம்தான்: "கீழ எறங்கிருமா?" வீக்கம் இறங்கினால் காலுக்குத்தானே போகும்? மாப்பிள்ளைக்கு யானைக்கால் வந்துவிடும் என்று நான் முடிவு செய்துகொண்டேன். பல வருஷம் அப்படித்தான் நினைத்திருந்தேன். சிரிக்காதீர்கள், உங்களுக்கு மட்டும் யார் சொல்லித் தந்தார்கள்?

அப்பா நாகர்கோவிலுக்குப் போய், நாசூக்காக மாப்பிள்ளையின் அம்மாவிடம் கேட்டு வந்தார். அந்த அம்மாளுக்கு ஐந்து பையன்கள். "அஞ்சுல ஒருத்தனுக்கு வந்துது. எவனுக்குண்ணு ஓர்மையில்ல" என்று சொல்லியிருக்கிறார். மாப்பிள்ளைக்கும் நினைவில்லை.

ஆகவே வராதவர் என்றே வைத்துக்கொள்ள வேண்டும் என்றார் நர்சம்மா. பேசாமல் கல்யாணத்தை ஒரு மாதம் கழித்து வைத்துக்கொண்டால் என்ன என்று கேட்டதும், அத்தை சமையலறைக்குள் போய்விட்டாள். அங்கே பாத்திரம் ஒன்றும் விழவில்லை, அழுகைச் சத்தமும் இல்லை. அம்மா மெல்ல இரண்டு பழைய சம்பந்தங்களையும் சொன்னாள். நர்சம்மா நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, தேதியை மாற்ற வேண்டாம், பிள்ளைகளைப் பிரித்துவிடலாம் என்றார்.

தெருவில் பதினைந்து பிள்ளைகள். வந்து போனவர்கள் ஒரு கூட்டம்; இவர்களுக்கு இனி வராது, கல்யாணத்தில் எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம். வீங்கி ஒன்பது நாள் ஆகாதவர்கள் வீட்டுக்குள். இதுவரை வராதவர்கள் ஆறு பேர். இவர்களுக்கு நோய் உள்ளே ஒளிந்திருக்கலாம், வீங்குவதற்கு முன்பே அது பிறருக்கு ஒட்டும். அதனால் கல்யாணம் முடியும்வரை சானல் என்று நாங்கள் சொல்லும் வாய்க்காலுக்கு அக்கரையில், பெரியப்பாவின் நெல் போட்டு வைக்கும் வீட்டில் பகலெல்லாம் அவர்கள் இருக்க வேண்டும். அன்றைக்கு ஒன்பது நாள் கணக்கு. இப்போது ஐந்து நாள் போதும் என்கிறார்களாம்.

மாப்பிள்ளையைப் பந்தல் வாசலில் பன்னீர் தெளித்து, கல்கண்டு கொடுத்து வரவேற்க வேண்டியது என் சித்தப்பா மகள். அதற்கென்றே அவளுக்குப் பச்சைப் பட்டுப் பாவாடை தைத்திருந்தார்கள். அவளுக்கு நோய் வரவில்லை. அதனால் அவள் அக்கரைக்குப் போனாள். நீண்ட கழுத்துள்ள வெள்ளிப் பன்னீர்ச் செம்பு, 'வந்து போனவள்' என்ற தகுதியில் என் கைக்கு வந்தது. அக்கரைக் கூட்டம் என்னோடு பேச்சை நிறுத்திக்கொண்டது. நான் சானல் ஓரமாகப் போனால் ஆறு பேரும் முதுகைத் திருப்பிக்கொள்வார்கள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்களே, எனக்கு அப்படி ஒன்றும் இல்லை. வெறும் தண்ணீரை ஊற்றி, வாழை மரங்களுக்கெல்லாம் பன்னீர் தெளித்துப் பழகிக்கொண்டிருந்தேன்.

கல்யாண நாள் காலை. கொல்லையில் சமையல்காரர்கள் தேங்காய் திருவிக்கொண்டிருந்தார்கள். போளிக்குக் கடலைப்பருப்பு வேகும் வாசனை. தலையில் பிச்சிப்பூவும் இடுப்பில் புதுப் பாவாடையுமாக நெல்லி மரத்தடியில் நின்ற நான், வந்த சந்தோஷத்தில் ஒரு காயைப் பறித்துக் கடித்தேன்.

காதுக்குக் கீழே யாரோ ஊசியை ஏற்றி இழுத்த மாதிரி இருந்தது. அப்படியே மரத்தைப் பிடித்துக்கொண்டேன். இன்னொரு தடவை கடித்துப் பார்த்தேன். அதே ஊசி. தாடையைத் தொட்டால் ஒருபக்கம் மெத்தென்று இருந்தது. நான் நடித்தது எவ்வளவு மோசமான நடிப்பு என்று அப்போதுதான் தெரிந்தது.

மாப்பிள்ளை வீட்டார் பஸ் வர இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. ஒன்றும் சொல்லாமல் இருந்துவிட்டால், நான் வாசலில் நிற்பேன்; மாப்பிள்ளை குனிந்து என் கையிலிருந்து கல்கண்டு எடுப்பார். சொன்னால், கல்யாணம் நின்றாலும் நிற்கும். அத்தைக்கு இது மூன்றாவது. ஒன்பது வயதில் எனக்குத் தெரிந்த அத்தனை சாமிகளையும் கூப்பிட்டேன். பிறகு யானைக்காலோடு அத்தையின் மாப்பிள்ளை கீரிப்பாறை மலையேறுவதை நினைத்துப் பார்த்தேன். உள்ளறைக்கு ஓடினேன்.

அத்தை பட்டுச்சேலையில், இரட்டை வடம் நெஞ்சில் தொங்க, கண்ணாடி முன்னால் இருந்தாள். பக்கத்தில் அம்மா பூ வைத்துக்கொண்டிருந்தாள். நான் வாசற்படியைத் தாண்டாமல் நின்றுகொண்டு சொன்னேன்.

"அத்தே, அண்ணைக்கு எனக்கு வரல்ல. வாயில நெல்லிக்காயாக்கும் வச்சிருந்தேன். இப்பம் நெசமாட்டே வந்துட்டு."

அம்மாவின் கையிலிருந்த பூ கீழே விழுந்தது. அத்தை கண்ணாடியிலேயே என்னைப் பார்த்தாள்.

"தெரியும் மக்கா," என்றாள். "நெல்லிக்கொட்டை தலகாணிக்கு அடியில கெடந்துது."

எனக்கு விளங்கவில்லை. இப்போது விளங்குகிறது. பிள்ளை ஆசைப்படுகிறது, மூன்று நாள் போட்டுக்கொள்ளட்டும் என்று முதல் நாள் விட்டுவிட்டாள். அப்புறம் நர்சம்மா நோட்டில் என் பெயரை 'வந்து போனவர்கள்' பக்கத்தில் எழுதும்போது, உண்மையைச் சொன்னால் நானும் அக்கரைக்குப் போக வேண்டியிருக்குமே, தன் கல்யாணத்தை நான் பார்க்க முடியாதே என்று வாயைத் திறக்கவில்லை. நோய் என்னைத் தேடி வந்துவிடாது என்று அவள் நினைத்தாள். பாசத்தில் பெரியவர்கள் போடுகிற கணக்கெல்லாம் இப்படித்தான் இருக்கும். நாமும் நம் பிள்ளைகளுக்கு இப்படி எத்தனையோ கணக்குப் போட்டவர்கள்தான்.

அம்மா, இது இந்த அறையைத் தாண்டக்கூடாது, இவளைப் பேசாமல் உள்ளே போட்டுப் பூட்டிவிடலாம் என்று ஆரம்பித்தாள். அத்தை கேட்கவில்லை. பட்டுச்சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கல்யாணப்பெண் வெளியே வரக்கூடாத நேரத்தில், பந்தலுக்கே நடந்து போனாள். விருந்தாளியாக வந்திருந்த நர்சம்மா முன் வரிசையில் குடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அத்தை அவர் முன்னால் நின்று, இந்தப் பிள்ளைக்கு முன்னே வரவில்லை, தெரிந்தும் நான்தான் சொல்லவில்லை, தப்பு என்னுடையது, இனி என்ன செய்ய வேண்டுமோ சொல்லுங்கள், மாப்பிள்ளை வீட்டில் சொல்ல வேண்டுமானாலும் சொல்லிவிடுங்கள் என்றாள். நிறுத்தாமல் சொல்லி முடித்தாள்.

நர்சம்மா எழுந்தார். எங்களைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் என்னைப் பார்த்து, மூன்று நாளாக யாரோடெல்லாம் விளையாடினாய் என்றுதான் கேட்டார். அக்கரைக்காரர்கள் பேசாததால் தம்பியோடும், வந்து போன பிள்ளைகளோடும் மட்டும்தான் விளையாடினேன் என்றேன். "நல்ல கோவம்" என்று சொல்லி முதல்தடவையாகச் சிரித்தார். அத்தையிடம், அவளுக்கு ஏற்கெனவே வந்திருக்கிறதா என்று கேட்டார். வந்திருந்தது, ஆறு வயதில்.

"பஸ் வாறதுக்கு முன்ன சொல்லிட்டியல்லா. அது போதும்," என்றார். "நீ உள்ள போயி இரி. நேரத்துக்குக் கல்யாணம் நடக்கும்."

என்னை எங்கே வைப்பது என்பது அடுத்த சிக்கல். பந்தலில் கூடாது. அக்கரைக்கும் அனுப்ப முடியாது. அங்கே இருப்பதெல்லாம் வராத பிள்ளைகள். வீட்டுக்குள் ஒரு அறைகூடக் காலியில்லை. சுற்றிப் பார்த்த நர்சம்மாவின் குடை கடைசியில் வைக்கோல் படப்பைக் காட்டியது. ஏணி வைத்து ஏற்றிவிட்டார்கள். பட்டுப் பாவாடையோடு, தலைக்குத் துண்டைப் போட்டுக்கொண்டு, உச்சியில் நான். முன்பக்கம் பந்தல் முழுதும் தெரிந்தது. பின்பக்கம் திரும்பினால் சானலும், அக்கரையில் ஆறு பேரும். இப்போது அவர்கள் முதுகைத் திருப்பவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

பன்னீர்ச் செம்பு தம்பியின் கைக்குப் போனது. அவன் வாசலில் நின்று மாப்பிள்ளையின் கண்ணிலேயே தெளித்தான். மாப்பிள்ளையின் அம்மா மேல் தெளித்ததில் அந்த அம்மாளின் நெற்றிக் குங்குமம் கரைந்து மூக்குக்கு வந்தது. நாதஸ்வரக்காரருக்குக் குழலின் வாயிலேயே போனது. இருந்தாலும் தாலி நேரத்துக்கு ஏறியது. அத்தை தலை குனிந்திருந்தாள். ஒரே ஒரு தடவை நிமிர்ந்து வைக்கோல் படப்பைப் பார்த்தாள்.

விருந்தும் ஏணி வழியாக வந்தது. இஞ்சிப்பச்சடி, புளிசேரி பக்கம் போகக் காதடி விடவில்லை. பால்பாயசத்தை மட்டும் துளித்துளியாக விழுங்கினேன். அப்போது பந்தலுக்கு வெளியே மாப்பிள்ளை வந்து நின்று அண்ணாந்து பார்த்தார். அத்தை பந்தியிலேயே எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். அவர் மடியிலிருந்து ஒரு பந்தை எடுத்தார். ரப்பர் மரத்தில் உறைந்து கிடக்கும் ஒட்டுப்பாலை நூல் நூலாகச் சுற்றிச் செய்த பந்து; அரக்கு நிறம், புளித்த பாலின் நாற்றம், தரையில் போட்டால் கூரையைத் தாண்டிப் போகும். பிள்ளைகளுக்கென்று தோட்டத்திலிருந்து கொண்டு வந்திருந்தார். அதை என்னிடம் எறிந்தார். பிடித்தேன். திருப்பி எறியக் கையை ஓங்கியதும் கீழே கறுப்புக் குடை விரிந்து உயர்ந்தது. எறியக்கூடாதாம். மாப்பிள்ளை இரண்டாவது பந்தை எறிந்தார். பிறகு மூன்றாவது. போகிற பக்கம் மட்டும் போய்க்கொண்டிருந்த அந்த விளையாட்டு முடிந்தபோது என் மடியில் ஐந்து பந்துகள் இருந்தன. பிற்பாடு அவை ஒவ்வொன்றாகச் சானலில் போய்விட்டன.

புறப்படும் நேரம் அத்தை படப்பின் அடிக்கு வந்தாள். கழுத்துக்குப் பின்னால் கையைக் கொண்டுபோய்ச் சங்கிலியின் கொக்கியைக் கழற்றப் போனாள். நர்சம்மா அவள் கையைப் பிடித்தார். இதை இவள் போட்டுக் கடித்து, நாளைக்கு இது திரும்பி உன் கழுத்துக்கு வந்து, அங்கேயிருந்து எங்கே போகும் என்று யோசித்துப் பார் என்றார். அத்தை கையை இறக்கிக்கொண்டாள். பொய் நோய்க்குப் பொன் கிடைத்தது. உண்மை நோய்க்குத் துணிக்கட்டு மட்டும்தான். அத்தை அழுதாள், எல்லோரும் பிறந்த வீட்டைப் பிரிகிற அழுகை என்று நினைத்தார்கள். நானும் மேலே உட்கார்ந்து அழுதேன். அழுதாலும் காதடி வலித்தது.

எனக்குப் பிறகு அக்கரையில் இரண்டு பேருக்கு மட்டும் வீங்கியது. அத்தோடு தெருவில் நோய் நின்றது. மாப்பிள்ளைக்கு வரவேயில்லை. ஐந்து பையன்களில் வந்தது எவருக்கு என்பது இன்றுவரை தெரியாது. அத்தைக்கு மூன்று பிள்ளைகள், ஏழு பேரப்பிள்ளைகள்.

இதெல்லாம் ஏன் இப்போது என்று கேட்பீர்கள். கொரோனா காலத்தில் எனக்குக் காய்ச்சல் வந்து, நாகர்கோவிலில் எங்கள் வீட்டு மாடி அறையில் தனியாகக் கிடந்தேன். சாப்பாட்டைக் கதவருகே வைத்துவிட்டுப் போவார்கள். எதிலும் ருசி தெரியவில்லை, மணமும் தெரியவில்லை. பயமாக இருந்தது, அதை ஒப்புக்கொள்வதில் என்ன வெட்கம்? இரண்டாம் நாள், இரண்டு தெரு தள்ளி இருக்கும் அத்தை தன் பேரனிடம் ஒரு பொட்டலம் கொடுத்து அனுப்பி, வாசலில் வைத்துவிட்டு வரச் சொல்லியிருந்தாள். பிரித்தேன். வெற்றிலைமேல் இரட்டை வடச் சங்கிலி. பக்கத்தில் ஒரு கை அரைநெல்லிக்காய்.

போன் அடித்தது. எடுத்ததும், "நெசமாட்டு வந்திருக்கா, இல்ல நெல்லிக்காயா?" என்றாள். நெசம்தான் என்றேன். பிறகு, "அண்ணைக்குப் போட முடியாமப் போச்சு மக்கா. இப்பம் போட்டுக்க," என்றாள்.

போட்டுக்கொண்டேன். முதலில் குளிர்ந்து, பிறகு சூட்டை வாங்கிக்கொள்ளும் அதே கனம். தினமும் காலையில் ஒரு நெல்லிக்காயைக் கடித்துப் பார்ப்பேன். வைக்கோலைக் கடிப்பது போல இருக்கும். எட்டாம் நாள் காலையில் அது புளித்தது. கண்ணில் தண்ணீர் வந்து, உடம்பு குலுங்கியது. உடனே அத்தைக்குப் போன் போட்டு, புளிக்கிறது அத்தே என்றேன். அவள் சந்தோஷப்பட்டாள். பிறகு சங்கிலியைக் கொதிக்கிற வெந்நீரில் போட்டு எடுத்துத்தான் அனுப்ப வேண்டும், அதுவரை கடிக்கக்கூடாது என்றாள்.

நான் ஏற்கெனவே கடித்துவிட்டிருந்தேன்.